ஐரோப்பாவில் காரில் ஊர்சுற்ற: பெட்டி சுருங்கினால் செலவும் சுருங்கும்

ஐரோப்பாவில் வாடகைக் கார் எடுத்து ஊர்சுற்றத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் முதலில் வழியை வரைகிறார்கள், அடுத்துக் காரைப் பதிவு செய்கிறார்கள், புறப்படுவதற்கு முந்தைய இரவில்தான் துணிகளை எடுத்துக் கட்டிலில் குவிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது நல்லது. எத்தனை பெட்டி, எவ்வளவு பெரிய பெட்டி என்பது முடிவானால்தான் எந்தக் கார் என்பது முடிவாகும். காரின் அளவு முடிவாகும்போது வாடகை, எரிபொருள், வண்டி நிறுத்தும் செலவு ஆகியவற்றில் கணிசமான பகுதியும் கூடவே முடிவாகிவிடுகிறது.

எண்களாகப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஐரோப்பிய வாடகை நிலையங்களில் மிகச் சிறிய வகையாகக் கிடைக்கும் ஃபியட் 500 காரின் டிக்கி 185 லிட்டர் கொள்ளும். அதைவிட இரண்டு படி பெரிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் டிக்கி ஏறக்குறைய 380 லிட்டர். விமானத்தில் சரக்காகப் போடும் பெரிய பெட்டி ஒன்று சுமார் 100 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். கையோடு கொண்டுசெல்லும் பை 40 லிட்டர்தான். இருவர் இரண்டு கைப்பைகளோடு சென்றால் ஃபியட் 500இலேயே இடம் மிஞ்சும். நால்வர் நான்கு பெரிய பெட்டிகளோடு சென்றால் கோல்ஃபும் போதாது. நாங்கள் நால்வர் முதன்முறை சென்றபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. சாவி வாங்கும் மேசையில் நின்றுகொண்டு, பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பார்வை முதுகில் பட, அடுத்த அளவுக் காருக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கொடுத்தோம். மேசையில் கேட்கும் விலை முன்பதிவு விலையைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

சிறிய காரின் பயன் வாடகையோடு நின்றுவிடுவதில்லை. இத்தாலிய, ஸ்பானியப் பழைய ஊர்களின் தெருக்களும் நிலத்தடி வண்டி நிறுத்தங்களின் வளைவுகளும் பெரிய கார்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அங்கே ஏற்படும் ஒரு கீறல் பயணத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும். டிக்கியின் மூடுதிரைக்குக் கீழே எல்லாப் பைகளும் அடங்குவது இன்னொரு பெரிய நன்மை. பின் இருக்கையில் பெட்டி தெரியும்படி கார்களை நிறுத்திவிட்டுச் செல்வது கண்ணாடியை உடைக்கத் திருடனுக்கு அழைப்பு வைப்பதற்குச் சமம், குறிப்பாகக் கடற்கரைகளிலும் சுற்றுலாத் தலங்களின் வண்டி நிறுத்தங்களிலும். கூரைமேல் பெட்டி பொருத்திக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. அது காற்றின் தடையைக் கூட்டி எரிபொருளைக் குடிக்கும். உயரம் குறைந்த நிலத்தடி நிறுத்தங்களில் நுழைய விடாது. பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான கடலடிச் சுரங்க ரயிலில் வண்டியின் உயரம் 1.85 மீட்டரைத் தாண்டினால் வேறு கட்டண வகைக்குத் தள்ளிவிடும்.

பையில் என்ன, எவ்வளவு

கடினமான ஓடு கொண்ட சக்கரப் பெட்டியைவிட, 35 முதல் 40 லிட்டர் கொள்ளும் மென்மையான துணிப்பை கார்ப் பயணத்துக்கு ஏற்றது. டிக்கியின் மூலைமுடுக்குகளில் அதை அழுத்தி வைக்க முடியும். கற்கள் பதித்த தெருவில் மூன்றாம் மாடி அறைக்குத் தூக்கிச் செல்லவும் எளிது. மலிவு விலை விமானத்தில் வந்து காரை எடுப்பவர்கள், தங்கள் பயணச்சீட்டில் எந்த அளவுப் பை இலவசம் என்பதைச் சென்டிமீட்டர் கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈஸிஜெட் நிறுவனம் இலவசமாக அனுமதிக்கும் பை 45 × 36 × 20 செ.மீ. அளவுடையது, நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். விமான வாயிலில் பிடிபட்டால் கட்ட வேண்டிய தொகை சில நேரங்களில் பயணச்சீட்டின் விலையையே மிஞ்சும்.

துணிகளைப் பயண நாள்களின் எண்ணிக்கையால் கணக்கிடக் கூடாது. இரண்டு வாரப் பயணமானாலும் நான்கு வாரப் பயணமானாலும் ஐந்து நாள்களுக்கான துணியே போதும். மீதியைத் துவைத்துக்கொள்ள வேண்டும். நான்கு மேல்சட்டைகள், இரண்டு கால்சட்டைகள், ஐந்து நாள்களுக்கான உள்ளாடைகளும் காலுறைகளும், ஒரு கம்பளி மேலாடை, மழையும் காற்றும் புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று, உடுத்திக்கொண்டு செல்வது நீங்கலாக இவ்வளவே. ஜீன்ஸைத் தவிர்ப்பது நல்லது என்பேன். எடை ஒரு காரணம், ஓர் இரவில் உலராது என்பது அதைவிடப் பெரிய காரணம். பிரான்ஸில் பல பேரங்காடிகளின் வண்டி நிறுத்தத்திலேயே காசு போட்டு இயக்கும் துணி துவைக்கும் இயந்திரங்கள் வெட்டவெளியில் நிற்கும். துணியைப் போட்டுவிட்டு உள்ளே சென்று அடுத்த இரண்டு நாள்களுக்கான உணவுப் பொருள்களை வாங்கி வரும் நேரத்துக்குள் துவைத்து முடிந்துவிடும்.

கம்பளி மேலாடை கோடைக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஜூலையில் இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் வெயிலில் வாடிவிட்டு, அன்று பிற்பகலிலேயே 2,757 மீட்டர் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாயில் இறங்கி நிற்பவருக்கு அதன் அருமை தெரியும். தடித்த குளிராடை ஒன்றைச் சுமப்பதைவிட, மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது இடத்தையும் மிச்சப்படுத்தும், எல்லா உயரங்களுக்கும் பொருந்தும். இரண்டு இணைக் காலணிகளுக்கு மேல் வேண்டாம். அவற்றில் எடை கூடியதைக் காலில் அணிந்துகொண்டே விமானம் ஏற வேண்டும். தேவாலயங்கள் பலவற்றில், வத்திக்கானில் கண்டிப்பாக, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால் ஒரு மெல்லிய பெரிய துணியை வைத்துக்கொள்ளலாம். அதுவே காரில் போர்வையாகவும் புல்வெளியில் விரிப்பாகவும் பயன்படும்.

குளியல் பொருள்களைக் கைப்பையில் 100 மி.லி. குப்பிகளில் அடைப்பதற்காகப் படும் பாடு வீண். சோப்பு, பற்பசை போன்றவை ஜெர்மனியின் டிஎம், ராஸ்மன் போன்ற கடைகளில் சிறிய அளவுகளில் மலிவாகக் கிடைக்கின்றன. மருத்துவர் எழுதித் தந்த மருந்துகள் மட்டும் சீட்டோடு கூடவே வர வேண்டும். மின்செருகி விஷயத்திலும் பலர் ஒரு பை நிறைய இணைப்பிகளைச் சுமக்கிறார்கள். இரண்டு வட்டக் கம்பிகள் கொண்ட தட்டையான ஐரோப்பியச் செருகி போர்ச்சுகல் முதல் பின்லாந்து வரை, சுவிட்சர்லாந்து, இத்தாலி உட்பட, பொருந்திவிடும். ஜெர்மனியின் தடித்த வட்டச் செருகிதான் சுவிஸ் துளைக்குள் நுழையாது. ஆகவே தட்டைச் செருகி கொண்ட பல யுஎஸ்பி துளைகளுள்ள ஒரு மின்னேற்றி குடும்பம் முழுவதற்கும் போதுமானது. பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் ஆகியவை வேறு வகை.

எடுத்துச் செல்லத் தகுந்த கார்ப் பொருள்கள் மூன்றே மூன்று: கைபேசியைப் பொருத்தும் பிடி, காரின் துளையில் செருகும் மின்னேற்றி, குழந்தை உடன் வந்தால் அதற்குரிய இருக்கை. வாடகை நிறுவனங்கள் வழிகாட்டிக் கருவிக்கும் குழந்தை இருக்கைக்கும் நாள் கணக்கில் பணம் வாங்குகின்றன. குழந்தை இருக்கையைப் பல விமான நிறுவனங்கள் இலவசமாகவே ஏற்றிக்கொள்கின்றன. குறைவாகச் சுமக்க வேண்டும் என்ற விதிக்கு இது ஒன்றே நான் ஏற்கும் விலக்கு. எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் காரிலேயே இருக்க வேண்டும். சாவி வாங்கியதும் டிக்கியைத் திறந்து அவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும், ஏனெனில் பிரான்ஸ் போன்ற நாடுகளில் அவை இல்லாவிட்டால் ஓட்டுநருக்குத்தான் அபராதம்.

காரை எடுக்கும்போது

எடுத்த ஊரிலேயே காரைத் திருப்பிக் கொடுக்கும்படி வழியை ஒரு வளையமாக அமைப்பதுதான் வாடகையைக் குறைக்கும் முதல் வழி. ஒரு நாட்டில் எடுத்து வேறொரு நாட்டில் விட்டால், காரைத் திரும்பக் கொண்டுவரும் செலவு நம் தலையில் விழும். அது ஒரு வார வாடகையைத் தாண்டுவதும் உண்டு. விமான நிலையக் கூடுதல் கட்டணம், 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான கூடுதல் கட்டணம், இரண்டாவது ஓட்டுநருக்கான கட்டணம், எல்லை தாண்டுவதற்கான அனுமதி ஆகிய நான்கையும் ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டும். எல்லை அனுமதி இல்லாமல் வேறு நாட்டுக்குள் சென்றால் காப்பீடு செல்லாமல் போகலாம். கியர் மாற்றி ஓட்டத் தெரிந்தவருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு: தானியங்கிக் கார்கள் ஐரோப்பாவில் பொதுவாக வாடகை கூடியவை. ஓட்டுநர் உரிமம் ஐரோப்பாவுக்கு வெளியே வழங்கப்பட்டதானால், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் உடன் வைத்திருப்பது மேசையில் எழும் தகராறுகளைத் தவிர்க்கும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, விபத்து நேர்ந்தால் நாம் ஏற்க வேண்டிய தொகையை ஈடுசெய்யும் தனிப் பாலிசியை முன்கூட்டியே வெளியில் வாங்குவது, மேசையில் நாள் கணக்கில் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. ஆனால் வெளிப் பாலிசி எடுத்தவருடைய கடன் அட்டையில் வாடகை நிறுவனம் கணிசமான முன்வைப்புத் தொகையை முடக்கி வைக்கும். அட்டையில் அந்த அளவுக்கு இடம் இருக்க வேண்டும். எரிபொருளில் “நிறைத்து வாங்கி நிறைத்துக் கொடுப்பது” என்ற முறையைத் தவிர வேறு எதையும் ஏற்க வேண்டாம்.

ஜெனீவா விமான நிலையத்துக்கு ஒரு பிரெஞ்சுப் பகுதியும் சுவிஸ் பகுதியும் உண்டு. பாசல் நகருக்கான விமான நிலையமும் அப்படியே. பிரான்ஸில்தான் சுற்றப்போகிறீர்கள் என்றால் பிரெஞ்சுப் பகுதியில் எடுப்பது பெரும்பாலும் மலிவாக அமையும், ஆனால் அந்தக் காரில் சுவிஸ் நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டியதற்கான ஸ்டிக்கர் இருக்காது. இரண்டு பகுதிகளையும் குழப்பிக்கொண்டு தவறான பக்கத்தில் இறங்கி நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பயணம் மூன்று வாரத்துக்கு மேல் நீண்டால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்காகப் பிரெஞ்சுக் கார் நிறுவனங்கள் நடத்தும் வரியற்ற குறுகியகாலக் குத்தகையையும் விலை கேட்டுப் பார்க்கலாம்.

சாலைக் கட்டணம்

ஜெர்மனியில் கார்களுக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் கிடையாது. பிரான்ஸிலும் இத்தாலியிலும் கடந்த தூரத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, செக் குடியரசு, ஹங்கேரி போன்ற நாடுகளில் குறிப்பிட்ட காலத்துக்கு ‘விக்னெட்’ எனப்படும் நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டை, ஸ்டிக்கராகவோ மின்னணுப் பதிவாகவோ, வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் மட்டும் ஒரே வகைதான்: 40 ஃபிராங்க், ஆண்டு முழுவதற்கும். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சென்றாலும் அதே விலை. இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், கூடவே விக்னெட்டின் விலையும். ஆனால் 17 கிலோமீட்டர் நீளமுள்ள காட்ஹார்ட் சாலைச் சுரங்கமும் அந்த 40 ஃபிராங்கில் அடக்கம். மோன் பிளாங்க் சுரங்கத்தின் 11.6 கிலோமீட்டருக்கு ஒரு வழிக்கே 50 யூரோவுக்கு மேல் ஆகிறது என்பதோடு ஒப்பிட்டால், ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் தாளில் கணக்குப் போட வேண்டியது ஏன் என்பது புரியும். ஆஸ்திரியாவில் விக்னெட் இருந்தாலும் பிரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

மின்னணு விக்னெட் காரின் பதிவெண்ணோடு இணைந்தது. வாடகைக் காரின் பதிவெண் சாவி கைக்கு வரும்வரை தெரியாது என்பதால், அதை வீட்டிலிருந்தே வாங்கிவைக்க முடியாது. கார் கிடைத்ததும் நிறுத்துமிடத்திலேயே அமர்ந்து, அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில், எழுத்துப் பிழையின்றிப் பதிய வேண்டும். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் அதே விக்னெட்டைக் கூடுதல் கட்டணம் வைத்து விற்பவை. பாரிஸிலிருந்து நார்மண்டிக்குச் செல்லும் ஏ13 நெடுஞ்சாலையில் இப்போது சுங்கச்சாவடிகளே இல்லை. கேமரா பதிவெண்ணைப் படித்துக்கொள்ளும், 72 மணி நேரத்துக்குள் நாமே இணையத்தில் கட்டிவிட வேண்டும்.

கட்டணமற்ற சாலைகளையே பிடித்துச் செல்வேன் என்று அடம்பிடிப்பதும் சிக்கனமாகாது, ஏனெனில் ஊர்களுக்குள் நின்று நின்று செல்லும்போது நேரமும் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அதே சமயம் இலவசமாகவே கிடைக்கும் நல்ல நெடுஞ்சாலைகள் உண்டு. பிரான்ஸில் கிளேர்மோன் ஃபெரானிலிருந்து தெற்கே பெசியே வரை செல்லும் ஏ75 சாலையில் மியோ பாலத்துக்கு மட்டுமே கட்டணம். ஸ்பெயினில் பிரெஞ்சு எல்லையிலிருந்து பார்சலோனா வழியாகத் தாரகோனா வரையிலான ஏபி-7 சாலை 2021 ஆகஸ்ட் இறுதியிலிருந்து இலவசம். தெற்கே இறங்க ரோன் பள்ளத்தாக்கின் நெரிசலான கட்டணச் சாலையைத் தவிர்த்து ஏ75ஐப் பிடிப்பதையே நான் விரும்புவேன். காட்சியும் அதில்தான் அழகு.

எரிபொருள்

நெடுஞ்சாலை ஓரத்து நிலையங்களில் எப்போதும் விலை கூடுதல். பிரான்ஸில் லெக்லெர்க், கார்ஃபூர் போன்ற பேரங்காடிகளின் நிலையங்கள் மலிவு. லக்சம்பர்க் வழியாகச் செல்ல நேர்ந்தால் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். ஜெர்மனியில் ஒரே நாளுக்குள்ளேயே விலை ஏறி இறங்கும். இத்தாலியில் ஒரே நிலையத்தில் இரண்டு விலைகள் தொங்கும்: ‘செர்வீத்தோ’ என்பது ஊழியர் நிரப்புவது, ‘செல்ஃப்’ என்பது நாமே நிரப்புவது. இரண்டாவதன் முன்னால்தான் நிறுத்த வேண்டும். ஆளில்லாத தானியங்கி நிலையங்கள் அட்டையில் முதலில் 100 யூரோவுக்கு மேல் முடக்கி, பிறகு உண்மையான தொகையை மட்டும் எடுப்பதுண்டு. அதைக் கண்டு பதற வேண்டாம்.

தவறான எரிபொருளை நிரப்பிவிடும் ஆபத்து உண்மையானது. ஸ்பெயினில் ‘கசோலினா’ என்பது பெட்ரோல், ‘கசோலியோ’ என்பது டீசல். பெயர்களை நம்பாமல், 2018 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் பொதுவாக உள்ள குறியீட்டைப் பார்க்க வேண்டும்: வட்டத்துக்குள் ‘இ’ என்ற எழுத்து பெட்ரோல், சதுரத்துக்குள் ‘பி’ என்ற எழுத்து டீசல். அதே குறி எரிபொருள் மூடியின் உட்புறத்திலும் ஒட்டப்பட்டிருக்கும். வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு: காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 110 கி.மீ. வேகத்தைவிட 130 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். சிறிய காரின் சிறிய எஞ்சினில் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

நிறுத்துவதும் தங்குவதும் உண்பதும்

பெரிய நகரங்களின் நடுவே காரைக் கொண்டுசெல்லவே கூடாது. புறநகரில் காரை நிறுத்திவிட்டு டிராமில் செல்லும் ‘பார்க் அண்ட் ரைடு’ வசதி ஸ்ட்ராஸ்பர்க், ஆம்ஸ்டர்டாம் போன்ற பல நகரங்களில் உண்டு; வெனிஸுக்குச் செல்பவர்கள் மெஸ்த்ரேயில் நிறுத்திவிட்டு ரயிலேறினால் பத்து நிமிடத்தில் கால்வாய்க் கரையில் இறங்கலாம். லக்சம்பர்க்கில் 2020 மார்ச் 1 முதல் பொதுப் போக்குவரத்தே இலவசம். இத்தாலியச் சாலையோரக் கோடுகளில் வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் பிறருக்கு ஒதுக்கப்பட்டது என்று நினைவில் வைக்க வேண்டும். அந்நாட்டு நகர மையங்களின் ‘இசட்.டி.எல்.’ எனப்படும் தடைப் பகுதிதான் வெளிநாட்டுப் பயணிகளின் பணத்தை அதிகம் பறிக்கும் கண்ணி. நுழைவாயிலில் கேமரா இருக்கும். நுழையும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி அபராதம். விடுதி அதற்குள் இருந்தால், காரின் பதிவெண்ணை முன்கூட்டியே பதிவு செய்யும்படி விடுதியிடம் கேட்டு, அவர்கள் செய்ததை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

தங்குமிடத்தில் கார் வைத்திருப்பவருக்கு ஒரு சிறப்பு வாய்ப்பு இருக்கிறது: நகர மையத்துக்கு வெளியே, வண்டி நிறுத்தம் இலவசமாக உள்ள எளிய விடுதிகளில் தங்கலாம். அறை வாடகையை மட்டும் ஒப்பிடாமல், அறையோடு வண்டி நிறுத்தக் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். கோடையில் பிரெஞ்சு ஊராட்சிகள் நடத்தும் முகாம் திடல்கள் சுத்தமாகவும் மலிவாகவும் இருக்கின்றன, ஆனால் கூடாரமும் படுக்கையும் டிக்கியை நிரப்பிவிடும் என்பதால், ஒரு வாரத்துக்குக் குறைந்த பயணத்துக்கு அது இலாபமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

உணவில், பகலில் உணவகம், இரவில் பேரங்காடி என்ற ஒழுங்கு நன்றாகவே உதவும். ஸ்பெயினில் ‘மெனு தெல் தியா’ என்ற மதிய உணவு இரண்டு மூன்று பகுதிகளாக ஒரே விலையில் வரும். இரவில் அதே உணவகத்தில் அதே பணத்துக்கு ஒரு தட்டுதான் கிடைக்கும். இத்தாலியில் காப்பியை மேடையருகே நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. பிரெஞ்சு உணவகங்களில் ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய் நீர் இலவசமாக வரும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும் என்பதைச் சனிக்கிழமையே நினைக்க வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலை நிலையத்தின் விலைக்கு ரொட்டி வாங்க நேரும். ஜெர்மனியில் காலி பிளாஸ்டிக் குப்பிகளை எறிய வேண்டாம்; பெரும்பாலானவற்றில் நாம் கட்டிய 25 சென்ட் முன்பணம் இருக்கிறது.

அட்டை இயந்திரம் உங்கள் சொந்த நாட்டுப் பணத்திலா யூரோவிலா என்று கேட்டால், எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கிய சிம் அட்டை 2017 ஜூன் 15 முதல் ஒன்றியம் முழுவதும் கூடுதல் கட்டணமின்றி இயங்குகிறது, ஆனால் சுவிட்சர்லாந்து அந்த விதிக்குள் வராது. எல்லையை நெருங்கும்போதே கைபேசியின் ரோமிங்கை அணைத்துவிட்டு, முன்பே இறக்கிவைத்த வரைபடத்தைக் கொண்டு ஓட்டலாம்.

திருப்பிக் கொடுக்கும் நாளில், விமான நிலையத்தின் வாசலில் உள்ள நிலையத்தை நம்பாமல் சில கிலோமீட்டர் முன்னதாகவே எரிபொருளை நிறைத்து, இரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். காரின் நான்கு பக்கங்களையும், சக்கரங்களையும், கண்ணாடியையும், எரிபொருள் முள்ளையும், கடந்த தூரம் காட்டும் எண்ணையும் எடுத்தபோது செய்ததுபோலவே படம் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் படங்களையும் ஒப்பந்தத்தையும் ஊர் திரும்பியதும் அழித்துவிடக் கூடாது. இத்தாலியில் வெளிநாட்டில் வசிப்பவருக்குப் போக்குவரத்து அபராத அறிவிப்பை அனுப்ப 360 நாள் அவகாசம் இருக்கிறது. வாடகை நிறுவனமோ அதற்கு முன்பே, நம் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தைத் தனியாக அட்டையில் எடுத்திருக்கும். ஓராண்டு கழியும்வரை அந்தக் கோப்புறை கைபேசியில் இருக்கட்டும்.